ஜரிகை ஃபியூஸ்

காரில் சிகரெட் பற்றவைக்க உதவும் குமிழ் ஒன்று என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. கட்டைவிரல் பருமன் இருக்கும். கறுப்புத் தலை, அதன்மேல் வெள்ளையாக ஒரு சிகரெட்டின் படம், இப்போது பாதிக்குமேல் தேய்ந்துவிட்டது. மறுமுனையில் சுருட்டி வைத்த கம்பி. காரின் முன்பலகையில் அதற்கென்று இருக்கும் பொந்தில் வைத்து அழுத்தினால் கம்பி சிவக்கும், சிவந்ததும் 'டக்'கென்று தானே வெளியே துள்ளும். எங்கள் வீட்டில் யாரும் சிகரெட் பிடித்ததில்லை. என் மாமியார் அதில் ஊதுவத்தி ஏற்றுவார்.

கார் என் மாமனார் வாங்கியது. ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து மதராஸில் வாங்கிவந்தாராம். அதனால்தான் அந்தக் குமிழ் பொந்தெல்லாம் அதில் இருந்தது. காஞ்சிபுரத்தில் அப்போது வாடகைக்கு ஓடிய கார்களில் அப்படி ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. நான் மருமகளாக வந்தபோது மாமனார் இல்லை, படம்தான் இருந்தது. கார் இருந்தது. முகூர்த்தத்துக்கும், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகவும், திருமுக்கூடலுக்குச் சாமி கும்பிடப் போகவும் அதை வாடகைக்குக் கேட்டு வருவார்கள். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் கார் அத்தையுடையது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மாமா போன புதிதில் ஒரு பட்டறைக்காரன் ரிப்பேருக்கென்று வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு, நல்ல ஹார்னைக் கழற்றிவிட்டு ஆடு கத்துவதுபோல் ஒரு ஹார்னை மாட்டி அனுப்பினானாம். அன்றிலிருந்து வெளிவேலை டிரைவருக்கு, உள்வேலை தனக்கு என்று அத்தை பாகம் பிரித்துவிட்டார். எஞ்சினில் டிரைவர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கதவைத் திறந்து உள்ளே கைவைத்தால் அத்தை பக்கத்தில் நின்றாக வேண்டும்.

அந்தக் காரின் உள்ளே போய் உட்கார்ந்தால் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் வந்ததுபோல் இருக்கும். உடைந்த கதவுக் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு பித்தளைக் கரண்டிக் காம்பு. கூரை விளக்கின் மூடி உடைந்தபோது சோப்பு டப்பாவின் மூடியை வெட்டி மாட்டினார். ராத்திரியில் பயணிகளின் முகமெல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது, கல்யாணக்காரர்களுக்கு அது பிடித்தும் இருந்தது. சீட்டின் கிழிசல்களை முறுக்கிய பட்டு நூலால் தைத்திருந்தார். அவருடைய பெரிய சாதனை என்று அவர் நினைத்தது அந்தக் குமிழ் பொந்தில் செய்ததுதான். குமிழைக் கழற்றிவிட்டால் அந்தப் பொந்தில் கரெண்ட் இருக்கிறது என்று டிரைவர் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மறுநாளே அத்தை பக்கத்துத் தறிக்காரர் வீட்டிலிருந்து ஒரு தார்க்குச்சி வாங்கிவந்தார். தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்றி, அங்குமிங்கும் பாயும் நாடாவுக்குள் வைப்பார்களே, அந்தச் சின்னக் குழல். அதன் நடுவில் ஒரு செப்பு ஆணி, பக்கத்தில் பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி ஒரு பட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு ஒயர். பொந்தில் சொருகினால் கச்சிதமாக உட்கார்ந்தது. அதிலிருந்து ஒரு சின்ன மின்விசிறியை ஓட்டினார். பின்சீட்டில் உட்காரும் மணப்பெண்ணுக்கு வேர்க்காது என்று அதற்காகவே காரைத் தேடிவந்தவர்கள் உண்டு.

அத்தை சிறுவயதில் தார் சுற்றியவர். விரல்களுக்கு இழை பழகியிருந்தது. ஒயரைப் பார்த்தாலும் அவருக்கு நூல்தான். "ஒயர்னா இன்னா, நூல் மாதிரிதான? அறுந்தா பிணைக்கணும், பிரியாம சுத்தணும். அவ்ளோதான்மா" என்பார். தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலைப் பிணைக்கிற மாதிரியே ஒயர்களை முறுக்குவார், மேலே கழிவுப் பட்டு நூலைச் சுற்றிக் கஞ்சி தடவுவார். பிற்பாடு ஒரு எலக்ட்ரீசியன் அதைப் பார்த்துவிட்டு, பட்டு நல்ல காப்புத்தான் என்று சொன்னான். அத்தை அதை எதிர்பார்த்தவர் மாதிரி தலையை மட்டும் ஆட்டினார்.

தகராறு ஃபியூஸில் வந்தது. கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும், அளவுக்கு மீறிக் கரெண்ட் ஓடினால் அது எரிந்து அறுந்து மற்றதையெல்லாம் காப்பாற்றும். விசிறி மாட்டியதிலிருந்து அது அடிக்கடி போயிற்று. புதிது வேண்டுமென்றால் மதராஸிலிருந்து வரவேண்டும். அத்தை ஒரு துண்டு ஜரிகையை எடுத்துக் கண்ணாடிக் குழாயின் இரண்டு முனைகளையும் சேர்த்துச் சுற்றினார். விசிறி ஓடியது. "வெள்ளி போவாத எடத்துக்கா கரெண்ட் போவப்போவுது?" என்று கேட்டார். ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது என்பது இந்த ஊரில் பால்காரருக்கும் தெரியும். டிரைவர்தான் மெதுவாக, "அம்மா, அது எரியணும்மா. எரியறதுக்குத்தான் வெச்சிருக்கான்" என்றார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எரியறதுக்குன்னு ஒண்ணை எவனாவது செஞ்சு வெப்பானாய்யா?"

ஜரிகை எரிந்தால் உள்ளே இருக்கும் பட்டும் எரியும். பட்டு அசலா என்று பார்க்க எங்கள் ஊரில் ஒரு இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார்கள். அசல் பட்டென்றால் முடி பொசுங்குகிற வாடை வரும். அந்த வாடை காருக்குள் அவ்வப்போது வரும். பயணிகள் திரும்பித் திரும்பித் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அத்தை சுற்றுக்கு இன்னொரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிடுவார்.

இந்த இடத்தில் வேறொன்றையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. அத்தை எதிலும் தன்மேல் தப்பு என்று சொன்னவரில்லை. ஒயர் பொறி விட்டால் டிரைவர் வண்டியைக் குலுக்கிவிட்டான். விசிறி நின்றால் நான் கதவை அடித்துச் சாத்திவிட்டேன். வீட்டிலும் அப்படித்தான், பால் பொங்கினாலும் கடிகாரம் நின்றாலும் விஷயம் சுற்றி வளைத்து என் பெயரில் வந்து நிற்கும். கொடுமைக்காரி என்று சொல்லமாட்டேன். நான் மாசமாக இருந்தபோது என்னைத் தண்ணீர்க் குடம் தூக்கவிடாமல் தானே தூக்கியவர். தப்பு என்பது ஒரு மூட்டை என்றும், அதை இறக்கிவைக்க வீட்டில் ஓர் இடம் வேண்டும் என்றும் அவருக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அந்த இடம் நான். என் கணவரும் அந்த ஏற்பாட்டிலேயே வளர்ந்தவர்.

என் மகளுக்கு நாலு வயதாகியிருந்த வருஷம், கருட சேவைக்கு எங்கள் காரைக் கேட்டு வந்தார்கள். அன்றைக்கு விடியற்காலையிலிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களெல்லாம் காஞ்சிபுரத்துக்குள் வந்துவிடும், ரோடு தெரியாது, தலைதான் தெரியும். பிள்ளைகள் தொலைவது ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. அதனால் கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து, தேரடிக்குப் பக்கத்தில் ஒரு காரை நிறுத்தி, மேலே இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டி, காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி அறிவிக்க ஏற்பாடு செய்தார்கள். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. பேத்தியையும் கூட்டிக்கொண்டு இருட்டு பிரியுமுன்னே போய் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். மைக் செட்காரர் ஆம்பிளிஃபயரைப் பின்சீட்டில் வைத்து, ஒயரை நேராகக் கார் பேட்டரியில் கடிக்கவிடுவதற்காக முன்மூடியைத் திறக்கப் போனாராம். அத்தை விடவில்லை. "அதெல்லாம் இன்னாத்துக்குப்பா தொறக்கறே? இங்க சொருவு" என்று தார்க்குச்சியை நீட்டியிருக்கிறார். பொந்திலிருந்து பிடுங்கிய குமிழைக் குழந்தையின் கையில் கொடுத்து, "கெட்டியா புட்சிக்கோ, ஆயா கேக்கும்போது குடு" என்று சொல்லியிருக்கிறார். இதெல்லாம் டிரைவர் பிறகு சொன்னது.

நான் வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, தூக்குச்சட்டியில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு வெயிலேறியபின் போனேன். திருவிழா என்பதால் கல்யாணப் புடவை கட்டியிருந்தேன். காரை நெருங்கும்போதே முடி பொசுங்கும் வாடை வந்தது. குழாய்கள் பேசாமல் இருந்தன. அத்தை முன்பலகைக்கு அடியில் தலையை நுழைத்து எதையோ சுற்றிக்கொண்டிருந்தார், டிரைவரும் மைக் செட்காரரும் இரண்டு பக்கமும் குனிந்து நின்றிருந்தார்கள். முன்சீட்டில் யாருமில்லை.

"பாப்பா எங்க அத்தை?" என்றேன்.

அத்தை தலையை வெளியே எடுத்தார். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன்னைப் பாத்துட்டு உன்னாண்டதான ஓடியாந்துது?" என்றார். அது கேள்வியா பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அப்போதுதான் கூட்டத்திலிருந்து பிதுங்கி வெளியே வந்திருந்தேன், என்னைப் பார்த்து யாரும் ஓடிவரவில்லை. டிரைவர் ஒரு பக்கமும் மைக் செட்காரர் ஒரு பக்கமும் பாய்ந்து ஓடினார்கள். அந்த நேரம் பார்த்து என் கணவர் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஒரு கொழந்தையைப் பாத்துக்கத் தெரியாதா உனக்கு?" என்று என்னைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் குளக்கரைப் பக்கம் ஓடினார். குளம் என்ற நினைப்பே அதுவரை எனக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வேறு நினைப்பே வரவில்லை. தூக்குச்சட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

மேலே இரண்டு குழாய், கையில் மைக், காணாமல் போன பிள்ளையைத் தேடவென்றே நிறுத்திய கார், நடுவில் எரிந்துபோன ஓர் இழை. அத்தையின் மடியில் இருந்த ஜரிகை எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அவர் என் பக்கம் திரும்பி, "முந்தானையைக் குடு" என்றார். மாமா போனபிறகு அத்தை ஜரிகைப் புடவை கட்டியதில்லை. என் முந்தானையின் கடைசி ஓரத்தில் ஊடையாக ஓடிய ஜரிகையை நகத்தால் கிளப்பி, அந்த அகலத்துக்கும் உருவினார். இன்னொன்று உருவினார். இரண்டையும் சேர்த்து முறுக்கி, பல்லால் கடித்து அறுத்துக் கண்ணாடிக் குழாயில் சுற்றினார். ஒரு சுற்றுகூட இன்னொன்றின்மேல் ஏறவில்லை. அந்த நேரத்திலும் நான் அதைக் கவனித்தேன். மேலே ஒலிபெருக்கிக் குழாய்கள் 'ம்ம்ம்' என்று உயிர் பெற்றன.

அத்தை மைக்கை இரண்டு கையாலும் வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் கேளுங்கப்பா. நாலு வயசுப் பொண்ணு. பச்சைப் பாவாடை. கையில கறுப்புக் குமிழ் ஒண்ணு வெச்சிருக்கும், காருல போடற குமிழ். தேரடியாண்ட கறுப்புக் காரு நிக்குது பாருங்க, அங்க கூட்டியாங்கப்பா." அவர் குரல் தேரடியைச் சுற்றி மோதித் திரும்பி வந்தது. இரண்டாம் தடவையும் அதையே சொன்னார். முடிக்கும்போது முன்பலகைக்கு அடியில் சின்னதாக ஒரு வெளிச்சம். வாடை வந்தது. குழாய்களின் இரைச்சல் நின்றுவிட்டது.

அத்தைக்கு அது தெரியவில்லை. மேளக்காரர்கள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள், கூட்டம் 'கோவிந்தா' போட்டது, அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். செத்துப்போன மைக்கில் அவர் பேசிக்கொண்டே போனார். "கொழந்தையோட அம்மா மேல தப்பு இல்லப்பா. அவ சோறு கட்டிக்கினு வரப் போயிருந்தா. நான்தான் கைய வுட்டேன். ஒயரைப் பாத்துக்கினு கொழந்தையைப் பாக்காம வுட்டேன். எதுன்னாலும் அவளைத்தான் சொல்லுவேன், வாயி அப்படிப் பழகிப்போச்சு. இது என்னுது. அவளை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. கொழந்தையை மட்டும் குடுத்துடுங்கப்பா."

காரின் கதவுக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி நின்றிருந்தேன். வேறு யாருக்கும் அது கேட்டிருக்க வழியில்லை.

குழந்தை கிடைத்துவிட்டாள். கூரம் கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். நீர்மோர்ப் பந்தலில் மாட்டியிருந்த சாமி படத்தின் முன்னால் நின்று, அணைந்த ஊதுவத்தியின் முனையில் குமிழை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தாளாம். "இது ஏன் எரியல, ஏன் எரியலன்னு எல்லாரையும் கேட்டுக்கினு இருந்துதும்மா. யாரு பெத்த புள்ளையோன்னு பாத்துக்கினு இருந்தேன். மைக்குல குமிழ்னு சொன்னாங்களா, கையைப் பாத்தேன்" என்றாள். நான் குழந்தையை வாங்கி மூச்சுமுட்ட அணைத்துக்கொண்டேன். அழுதேன், சத்தம்போட்டு அழுதேன். அத்தை குழந்தையின் உள்ளங்கையை விரித்துக் குமிழ் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஃபியூஸைக் கழற்றிக் கருகிய இழையை எனக்குக் காட்டினார். "பாத்தியா, நான் பேசி முடிக்கற வரைக்கும் தாங்கிச்சு. அசல் வெள்ளிம்மா" என்றார். அதன்பின் தூக்குச்சட்டியைத் திறந்து தயிர்சாதத்தை ஒரு வாய் போட்டுக்கொண்டு, உப்பு பற்றவில்லை என்றார்.

அடுத்து வந்த நாட்களில் அத்தை வெளியே போவதற்குத் தயங்கினார். கோவிலுக்குப் போகும்போது சந்து வழியாகச் சுற்றிப் போனார். காய்கறிக்காரி நிமிர்ந்து பார்த்தால் இவர் குனிந்துகொண்டார். ஊரெல்லாம் கேட்க ஒலிபெருக்கியில் தன் தப்பை ஒப்புக்கொண்டவர் எப்படி நடப்பாரோ அப்படி நடந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்க அவர்களிடம் என்ன இருக்கிறது? கொஞ்ச நாள் போனபின் ஒரு மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், முறத்தை நிறுத்திவிட்டு, "ஊரு நல்ல ஊரும்மா. ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கல" என்றார். அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் திரும்பவும் பழைய அத்தையாகிவிடுவார் என்று ஒரு பயம் எனக்கு. அதைவிட, அவ்வளவு கஷ்டப்பட்டு ஊருக்கு முன்னால் வைத்ததை, யாருமே பார்க்கவில்லை என்று எடுத்து அவர் கையிலேயே கொடுக்க மனசு வரவில்லை.

தீபாவளிக்கு நாத்தனாரின் வீட்டார் வந்திருந்தார்கள். சாப்பிடும்போது திருவிழாப் பேச்சு வந்தது. என் கணவர் சிரித்துக்கொண்டே, "இவளை நம்பிக் கொழந்தையை வுட்டா அவ்ளோதான். கருட சேவையன்னிக்கி தொலைச்சிட்டு நின்னா" என்றார். எனக்குப் பழகிப்போன விஷயம், நான் சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்தேன். அத்தை இலையிலிருந்து கையை எடுத்தார்.

"டேய், இவ எங்கடா தொலைச்சா? தொலைச்சவ நான். அதான் மைக்குலயே சொன்னேனே, அவ மேல தப்பு இல்ல, நான்தான் கைய வுட்டேன்னு. ஊரே கேட்டுது, உனக்கு மட்டும் காது அடைச்சிக்கினு இருந்துதா?"

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. என் கணவர் விழித்தார். அவர் எதையோ சொல்ல வாயெடுக்கும்முன் நான் முந்திக்கொண்டு, "இவரு அப்ப குளத்தாண்ட போயிருந்தாரு அத்தை. அங்க மேளச் சத்தம்" என்றேன். "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அத்தை ரசம் கேட்டார். ஊர் கேட்டதாக அவர் நம்பிக்கொண்டிருந்ததை முதல்முதலாக நாலு பேர் கேட்டது அன்றைக்குத்தான். கை கழுவும் இடத்தில் என் கணவர், "அம்மா மைக்குல அப்படியா சொன்னாங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "சொன்னாங்க" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையைச் சொல்வதை விட்டுவிட்டார். வேறு பல விஷயங்களில் அத்தையும் அவரும் முன்போல்தான் இருந்தார்கள். அன்று அத்தையைப் பிடித்துப்போனதுபோல் எனக்கு அந்த வீட்டில் வேறு யாரையும் பிடித்ததில்லை.

காரைப் பிற்பாடு விற்றோம். விற்கிற அன்று அத்தை குமிழை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, பொந்தில் தார்க்குச்சியைச் சொருகி அனுப்பினார். வாங்கியவர் அதை என்னவென்று நினைத்தாரோ. அத்தைக்குப் பிறகு குமிழ் என்னிடம் வந்தது.

போன மாதம் மகள் புதுக் கார் வாங்கினாள். செவிலிமேட்டில் இருக்கும் தன் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போக வந்திருந்தாள். முன்பலகைக்குக் கீழே ரப்பர் மூடி போட்ட ஒரு பொந்து இருந்தது, அதிலிருந்து போனுக்கு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. நான் பையிலிருந்து குமிழை எடுத்து, போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு அதில் வைத்துப் பார்த்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. "அம்மா, ஃபியூஸ் போயிடும்மா!" என்று கத்தினாள். சிரித்துவிட்டு வெளியே எடுத்தேன். அவள் அதைக் கையில் வாங்கிப் புரட்டினாள். அன்றைய மோர்ப் பந்தல் அவளுக்கு நினைவில்லை, தூக்கிவந்த பெண்ணும் நினைவில்லை. மேலே எங்கிருந்தோ ஆயாவின் குரல் பெரிதாகக் கேட்டது மட்டும் நினைவிருக்கிறதாம்.

"இன்னாம்மா பேசுனாங்க ஆயா?" என்று கேட்டாள்.

பச்சைப் பாவாடையிலிருந்து ஆரம்பித்து, கொழந்தையை மட்டும் குடுத்துடுங்கப்பா என்பதுவரை முழுவதையும் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை. எந்த வார்த்தையோடு ஒலிபெருக்கி நின்றுபோனது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அத்தனையும் மைக்குலயா? ஊரே கேட்டுதாம்மா?"

"கேட்டுது" என்றேன்.